விளம்பரப் பெட்டியில்தான் இருப்போம்

அத்தியாயம் 14

"உயிரோடதான் இருக்கியா? இருந்தா ஒரு வரி பதில் போடு. தெட்சுஜி."

குவபாரா தெட்சுஜி இந்தக் கேள்வியைத் தன் பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவனிடம் மட்டும்தான் கேட்க நினைத்தார். கேட்டது ஏழாயிரம் பேரிடம்.

அவர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. மகள் சினாட்சுவின் கம்ப்யூட்டரில் 'சோதனை' என்று ஒரு பட்டன், 'எல்லோருக்கும்' என்று ஒரு பட்டன். இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மூக்குக் கண்ணாடி சமையலறையில் இருந்தது. மகள் கடைக்குக் கீழே ஐஸ் அறையில் இருந்தாள். ஒரு மனிதன் தப்பு செய்வதற்கு இதைவிடத் தோதான சாயங்காலம் நுமாசு நகரத்தில் அமைந்ததில்லை.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் சினாட்சு போட்டு உடைத்த விஷயம்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். குவபாரா கருவாட்டுக் கடையிலிருந்து வாரா வாரம் போகும் 'காலை மீன்' மெயில், வாடிக்கையாளர்களின் பெட்டியில் 'மெயின்' என்கிற முதல் டேபில் விழுவதே இல்லையாம். மெயில் கம்பெனியின் இயந்திரம் அதை மோந்து பார்க்கிறது. கருவாடு மெயில் ஆயிற்றே, கண்டுபிடிக்கக் கஷ்டமா? படம் இருக்கிறது, விலை இருக்கிறது, 'இங்கே அழுத்தவும்' இருக்கிறது. தூக்கி விளம்பர டேபில் போட்டுவிடுகிறது. முதல் டேபில் பேரன் போட்டோவும் ஆஸ்பத்திரித் தேதியும். விளம்பர டேபில் ஷூக்கடையும் சுற்றுலாக் கம்பெனியும் நம் கருவாடும்.

"படம், விலை எதுவும் இல்லாம, மனுஷன் மனுஷனுக்கு எழுதற மாதிரி எழுதினா எங்க விழும்?" என்று தெட்சுஜி யோசித்தார். யோசனையில் ஒரு குறையும் இல்லை. விரலில்தான் குறை.

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்தில் சினாட்சுவின் போன் மேசைமேல் நண்டு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. பதில்கள்.

அவள் ஒவ்வொன்றாக, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தாள்.

"'இருக்கேன். முட்டிதான் போச்சு. நீங்க யாரு?' ... 'அப்பா, நம்பர் மாத்தின மாதிரி மெயிலும் மாத்திட்டீங்களா?' ... 'இருக்கேன். உங்க கடை உப்பையும் மீறி இருக்கேன்.'"

சுமியே மிசோ சூப் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியதில் மனைவி சிரிக்கிறாள் என்று தெட்சுஜிக்குத் தெரிந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, நேத்து என் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்னு சொல்ல முடியாதும்மா. பக்கத்துல உக்காந்தேன்."

"விரல்?"

"விரல் லேசா பட்டிருக்கும்."

சினாட்சு சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். யோகஹாமாவில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, மூன்று வருஷமாக ஒவ்வொரு முகவரியாகச் சேர்த்து வளர்த்த பட்டியல் அது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம், "ஏழாயிரம் பேருக்கு வாரா வாரம் பதில் சொல்லணும், எட்டாவதா ஒருத்தனுக்கு நேரமில்லை" என்று சொன்னவள். கணக்கு இடித்தாலும் பேச்சு எடுபட்டது.

"நான் செஞ்சது நல்லதா, கெட்டதா? அதை மட்டும் சொல்லிடு" என்றார் தெட்சுஜி.

"அப்புறம் பேசலாம்."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"சூப் ஆறுது" என்றாள் சுமியே.

*

பதில் சொல்லத் தெரிந்த ஆள் ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிட்டான். தம்பி கோஸோ. கடையில் அண்ணனுக்குப் பாதி, அவனுக்குப் பாதி. மீன் அண்ணன் பொறுப்பு, கணக்கு தம்பி பொறுப்பு. கக்கத்தில் அந்த நீலநிற உறை. நாலு வாரமாக அந்த உறையைத்தான் எல்லோரும் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள்.

உள்ளே இருப்பது இணைய அங்காடி ஒன்றின் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டால் கருவாடு அவர்கள் பக்கத்தில் விற்கும். வாங்குகிறவர் அவர்களுடைய வாடிக்கையாளர். பெயரும் முகவரியும் அவர்களுடையது. 'காலை மீன்' அத்துடன் நின்றுவிடும். இன்று சாயங்காலம், வருஷக் கடைசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் ஓசெய்போ பரிசுக்கான மெயில் போக வேண்டும். அதுவும் விளம்பர டேபில் விழுந்து தூங்கினால் திங்கட்கிழமை கையெழுத்து என்பது கோஸோ வைத்த கெடு.

இன்றைக்கு அவன் முகத்தில் கெடு இல்லை. கல்யாணக்களை.

"அண்ணே, பாத்தீங்களா? பாதிப் பேருக்கு மேல திறந்திருக்காங்க. சினாட்சு மெயிலை அஞ்சுல ஒருத்தன் திறந்தா அன்னிக்கு நமக்குத் திருவிழா. நீங்க ஒரு வரி எழுதினீங்க, நேரா மெயின் டேப். மூணு வருஷம் இவ செய்யாததை ஒரு விரல்ல செஞ்சுட்டீங்க."

"அப்போ நல்லதுதானா?"

"தங்கச் சுரங்கம்ணே. உறையை ஓரமா வைக்கறேன். இனிமே வாரா வாரம் நீங்கதான் எழுதறீங்க. படம் வேணாம். விலை வேணாம். 'உங்க பார்சல் விஷயமா ஒரு வார்த்தை'ன்னு தலைப்பு போடுங்க. ஓசெய்போ சமயம், எல்லார் வீட்டுக்கும் ஏதாவது பார்சல் வந்துட்டுதான் இருக்கும். எவன் திறக்காம இருப்பான்?"

தெட்சுஜி யோசித்தார். "நான் பார்சல் எதுவும் அனுப்பலையேடா."

"திறந்தப்புறம் வாங்குவாங்கல்ல, அப்போ அனுப்புங்க."

அடுக்களைப் பக்கம் கை துடைத்துக்கொண்டிருந்த சினாட்சு வந்து நின்றாள். சித்தப்பாவைவிட ஒரு சாண் குள்ளம். அது அவளுக்கு இதுவரை ஞாபகம் வந்ததில்லை.

"சித்தப்பா, பாதிப் பேர் திறந்தாங்க. சரி. எத்தனை பேர் வாங்கினாங்க?"

"அதுல வாங்கறதுக்கு என்ன இருந்தது?"

"அடியில கடை பேரு, போன் எல்லாம் தானா வரும். ஒரு ஆர்டர் இல்லை. பட்டியல்ல இருந்து விலகினவங்க எத்தனை பேருன்னு பாத்தீங்களா? ஒரு வருஷம் பூரா போகாத அளவுக்கு ஆளுங்க ஒரே நாள்ல போயிருக்காங்க. போறவங்க சும்மா போகலை. ஸ்பேம்னு அழுத்திட்டுப் போயிருக்காங்க. மெயில் கம்பெனி அதைக் குறிச்சு வச்சுக்கும். இன்னும் ரெண்டு தடவை இப்படிச் செஞ்சா விளம்பர டேப் கூட நமக்குக் கிடைக்காது. நேரா குப்பைதான்."

"இப்போ இருக்கறது மட்டும் என்ன வாழுது? அதுவும் குப்பைதான்."

"இல்லை சித்தப்பா. அது சந்தை." சினாட்சுவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்த டேபைத் திறக்கறவன் எதுக்குத் திறக்கறான்? இன்னிக்கு என்ன வாங்கலாம்னு. கம்மியாத்தான் வருவாங்க, பர்ஸோட வருவாங்க. என் மெயிலைத் திறக்கறவங்கள்ல பத்துக்கு ஒருத்தர் வாங்கறாங்க. மெயின் டேப்ல இருக்கறவன் குளிச்சுட்டுத் துண்டோட நிக்கறான். அவன் வீட்டுக்குள்ள புகுந்து, 'பார்சல் விஷயமா'ன்னு பொய் சொல்லி, மூஞ்சிக்கு நேரா அயிலையை நீட்டணுமா? நான் மாட்டேன். நான் விக்கறவ. விக்கறேன்னு பலகை மாட்டிக்கிட்டுத்தான் விப்பேன்."

"பலகையை எவனும் பாக்கலைன்னா?"

"பாக்கற மாதிரி எழுதறது என் பாடு."

"அப்போ உறை" என்று கோஸோ கக்கத்தைத் தட்டினான். "பொய்யும் வேணாம், அங்காடியும் வேணாம்னா எப்படி? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே."

எல்லோரும் தெட்சுஜியைப் பார்த்தார்கள். அறுபது வயதில் ஒரு குடும்பத்தின் தலைவர் உறுதியாக ஏதாவது சொல்லியாக வேண்டிய கட்டம். அவர் தொண்டையைச் செருமினார். செருமி முடித்தும் சொல்ல ஒன்றும் சேரவில்லை.

அப்போது மேசையில் இருந்த போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த சுமியே, "இதைக் கேளுங்க" என்றாள். சிரிப்பு போயிருந்தது.

"'என் கணவர் ஜூலை மாதம் காலமாகிவிட்டார். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை. நிராசாவா கினுயோ, மிஷிமா.'"

கோஸோகூட உறையைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

*

மன்னிப்புக் கேட்க நேரில் போக வேண்டும். போனில் கேட்கிற மன்னிப்பைக் குவபாரா குடும்பம் மன்னிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. தெட்சுஜி கறுப்புக் கோட்டை எடுத்தார். கல்யாணம், சாவு, பாங்க் மானேஜர் மூன்றுக்கும் அவரிடம் இருப்பது அந்த ஒரே கோட்டுதான். பிறகு வழக்கம்போல ஐஸ் அறைப் பக்கம் திரும்பினார்.

"எங்க?" என்றாள் சுமியே.

"கையில ஏதாவது எடுத்துட்டுப் போகணுமே. நல்ல பெட்டியா ஒண்ணு..."

"மன்னிப்பு கேக்கப் போறீங்களா, சாம்பிள் குடுக்கப் போறீங்களா?"

அவர் கோட்டோடு அப்படியே நின்றார். கடைசியில் ஸ்டேஷன் பக்கத்து இனிப்புக் கடையில் யோகான் வாங்கினார்கள். பயறு விழுதைச் சர்க்கரையில் காய்ச்சி இறுக்கிய கட்டி. மன்னிப்புக்கு அதுதான் சரி. செங்கல் கனம் கனக்கும், செய்த தப்பின் எடை கொடுக்கிறவன் கையிலும் தெரியும், வாங்குகிறவர் கையிலும் தெரியும். கடைக்காரப் பெண் எந்த அளவு என்று கேட்டபோது, தெட்சுஜி இருப்பதிலேயே பெரியதைக் காட்டினார்.

"ரொம்பப் பெரிய தப்புங்களா?" என்றாள் அவள் பரிவாக.

"ஏழாயிரம் பேர்" என்றார்.

மிஷிமாவுக்கு ரயிலில் ஒரே ஸ்டேஷன். சினாட்சுவும் வந்தாள். மெயில் அவள் பெட்டியிலிருந்து போனது, தலை குனிய வேண்டியதில் அவளுக்கும் பங்கு உண்டு என்றாள். ஜன்னல் பக்கம் ஃபுஜி மலை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. தெட்சுஜிக்கும் அப்படி ஒரு மேகம் கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

"நல்லதா கெட்டதான்னு நீ இன்னும் சொல்லலை."

"தெரியலைப்பா."

"இவ்வளவு நம்பர் பேசினியே?"

"நம்பர் தெரியும். அந்த அம்மாவோட காலை எப்படி இருந்திருக்கும்னு நம்பர்ல இல்லை." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "எனக்குப் பொறாமையா இருந்ததுப்பா. அதையும் சொல்லிடறேன். என் மெயில் ஒவ்வொண்ணும் ரெண்டு நாள் வேலை. மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டு நாப்பது படம் எடுப்பேன். நீங்க கண்ணாடி கூடப் போடாம ஒரு வரி எழுதி மெயின் டேப்புக்குப் போயிட்டீங்க."

அவர் யோகான் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். மகள் தோளைத் தட்டலாமா என்று நினைத்து, ரயில் நின்றுவிட்டதால் எழுந்தார்.

*

நிராசாவா கினுயோ எழுபது தாண்டியவர். மெலிந்த உடம்பு, நேரான முதுகு. கதவைத் திறந்து, வாசலிலேயே இடுப்பு வளைந்து நின்ற இரண்டு பேரையும் சற்று நேரம் பார்த்தார்.

"உள்ள வாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா நான் ஏதோ கடனைக் கேட்டு மிரட்டறேன்னு நினைச்சுக்குவாங்க."

மேசையில் சாம்பல் ஓரம் போட்ட கார்டுகள் அடுக்கியிருந்தன. வீட்டில் சாவு, இந்த வருஷம் எங்களுக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப வேண்டாம் என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் நவம்பரில் போகிற கார்டு. பாதி எழுதியிருந்தார். மூலையில் புத்தர் மாடம். அதில் காது கொஞ்சம் நீண்ட ஒரு மனிதரின் படம். தெட்சுஜி ஊதுபத்தி ஏற்றி வைத்துக் கும்பிட்டார். இந்த ஆளிடம்தான் உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டோம் என்று நினைத்ததும் இன்னொரு தடவை, இன்னும் தாழக் குனிந்து கும்பிட்டார்.

மன்னிப்பு வாசகத்தை ரயிலிலேயே மனப்பாடம் செய்திருந்தார். முதல் வரியில் மறந்துவிட்டது. யோகானை மட்டும் இரண்டு கையாலும் நகர்த்தினார்.

கினுயோ வாங்கி எடை பார்த்தார். "நல்ல கனம்" என்றார். டீ போடப் போனார்.

அந்த நேரம் பார்த்துத் தெட்சுஜியின் போன் அடித்தது. கோஸோ. சினாட்சு எடுக்காதீர்கள் என்று கண்ணால் சொன்னாள். அவர் நிறுத்துவதாக நினைத்து அழுத்தினார். அவர் விரலின் ராசி நமக்குத் தெரிந்ததுதான். கோஸோவின் குரல் அறை முழுக்க ஒலித்தது.

"அண்ணே, உங்க பேர்ல அடுத்ததை எழுதி வச்சுட்டேன். பார்சல் தலைப்புதான். சினாட்சுகிட்ட பாஸ்வேர்டு கேட்டுச் சொல்லுங்க, அனுப்பிடலாம்."

"அனுப்பாதே" என்றார் தெட்சுஜி.

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. காலையில் தொண்டையைச் செருமியும் வராத குரல், செருமாமலே வந்துவிட்டது.

"என்னண்ணே?"

"என் பேரை எடுடா அதுலேர்ந்து. நான் கருவாட்டுக்காரன். பார்சல் ஆபீஸ் இல்லை. இன்னிக்குச் சாயங்காலம் சினாட்சு மெயில்தான் போகும். படத்தோட, விலையோட. தலைப்புலயே 'விளம்பரம்'னு போடச் சொல்லப் போறேன். மெயில் கம்பெனிக்கு மோந்து பாக்கற சிரமம்கூட வேணாம்."

சினாட்சு அப்பாவை, முதல் தடவை பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றான் கோஸோ. "விளம்பர டேபைத் தேடிப் போயி நம்ம மெயிலைத் திறக்கற ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர். நான் வாயை மூடிக்கறேன்."

தெட்சுஜி யோசித்தார். வரவில்லை. "பேரு தெரியலைடா. தெரியாட்டியும் அங்கதான் அனுப்புவேன். அங்காடிக்காரனுக்கும் கையெழுத்து கிடையாது."

"அப்படியா. அப்போ என் பாதியைப் பிரிச்சுக் குடுத்துடுங்க. திங்கட்கிழமை நான் என் பாதிக்குக் கையெழுத்துப் போட்டுக்கறேன்."

போன் நின்றது.

கடையைப் பிரிப்பது என்றால் ஐஸ் அறையைப் பிரிக்க வேண்டும். ஐஸ் அறைக்கு இருப்பது ஒரே கதவு. தெட்சுஜிக்கு அதுதான் முதலில் தோன்றியது. சினாட்சுவின் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

டீ வந்தது. கினுயோ எதிரே உட்கார்ந்து கார்டுகளைச் சேர்த்து ஓரமாகத் தள்ளினார்.

"தம்பியா?"

"தம்பிதாங்க. மன்னிக்கணும், உங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு எங்க வீட்டுச் சண்டை."

"பரவாயில்லை. இங்க சண்டைச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு."

தெட்சுஜி டீயைத் தொடவில்லை. "அம்மா, காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கறேன், யாரும் நேரா பதில் சொல்லலை. கேக்கக் கூடாத இடத்துல கேக்கறேன்னும் தெரியுது. நான் செஞ்சது நல்லதா, கெட்டதா?"

"கெட்டது" என்றார் கினுயோ.

யோசிக்கக்கூட இல்லை. தெட்சுஜி தலை குனிந்தார்.

"அவர் மெயிலை நான் மூடலை. தினம் காலையில திறந்து பாப்பேன். விஷயம் தெரிஞ்சவங்க யாரும் எழுத மாட்டாங்க இல்லையா. ஆகஸ்டுக்கு அப்புறம் அந்த முதல் டேப் அப்படியே காலி. எனக்கு அதுவே பழகிடுச்சு. இன்னிக்கு அங்க புதுசா ஒண்ணு நிக்குது. தலைப்பைப் பாத்தேன். அடியில உங்க கடை பேரைப் பாக்கறதுக்குள்ள எனக்கு என்னல்லாம் தோணிச்சுன்னு சொல்ல மாட்டேன்."

சினாட்சுவின் தலையும் குனிந்தது.

"அந்த டேப் அவரோடது. அங்க நீங்க வரக் கூடாது. ஆனா பக்கத்து டேப்ல அவரை யாரும் விட்டுட்டுப் போகலை. ஷூக்கடை கூப்பிடுது, சுற்றுலாக்காரன் கூப்பிடறான். வியாழக்கிழமையானா நீங்க கூப்பிடறீங்க. 'நிராசாவா-சான், இந்த வாரம் காத்து நல்லா அடிச்சது, மீன் சீக்கிரம் காஞ்சது'ன்னு. அதை யாரு எழுதறது?"

"நான்தான்" என்றாள் சினாட்சு.

"வாரா வாரம் தேடிப் போயி படிக்கறேன். வாங்கினதில்லை. இனிமேயும் வாங்க மாட்டேன். எனக்கு மீனே பிடிக்காது, அவர்தான் சாப்பிடுவார். அதையும் சொல்லிடறேன், நம்பிக்கிட்டு இருக்காதீங்க." அவர் டீக் கோப்பையைத் தெட்சுஜியின் பக்கமாக நகர்த்தினார். "நேத்து அனுப்பினது கெட்டது. வியாழக்கிழமை மெயிலை நிறுத்தினீங்கன்னா அது இதைவிடக் கெட்டது. உங்க தம்பிக்கு ஒரு பேரு வேணுமாமே, எழுதிக்கச் சொல்லுங்க. நிராசாவா கினுயோ."